ஆந்தை கேட்கப் போன மூன்று நாட்கள்

வியாழன், காலை 9.40. பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் கோவிந்தாபுரம் பேருந்தில் ஏறியதும் என் வீட்டுக்காரர் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் அவருக்குத்தான் ஜன்னல் ஓரம். "கொஞ்சம் நகருங்களே" என்றேன். கேட்கவில்லை. தோளில் தட்டினேன். "டிக்கெட்டா? எடுத்துட்டேன்" என்றார். இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரம். அதற்குள் என்ன சண்டை என்று பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்தப் பயணம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அறுபது தாண்டிய இருவர் காசு கொடுத்து ஆந்தை பார்க்கப் போவானேன் என்று நீங்கள் சிரிப்பீர்கள். அவர் பெயர் ராமசாமி. ஆயுளில் பாதியை ஒரு ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராகக் கழித்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெள்ளோட்டுக் குளத்துக்குப் போய்விடுவார். கண்ணை மூடிக்கொண்டே இது தையல்சிட்டு, இது தேன்சிட்டு, இது கதிர்க்குருவி என்று சொல்வார். பறவையைக் கண்ணால் பார்ப்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

மில் சத்தம் அந்தக் காதைத் தின்றுவிட்டது. ஒரேயடியாகத் தின்னவில்லை. மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகும், தடித்த சத்தம் கடைசியில்தான் போகும் என்றார் காது டாக்டர். அப்படியே ஆயிற்று. தேன்சிட்டு போனது. தையல்சிட்டு போனது. அந்த வரிசையில் நானும் போனேன். என் குரல் அப்படி. முப்பத்திரண்டு வருடம் தொடக்கப்பள்ளியில் பாடம் எடுத்தேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் கீச்சு டீச்சர். இப்போது அடுக்களையில் இருந்து "ஏனுங்க" என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் திரும்புகிறார், இவர் திரும்புவதில்லை. காதுக்கு மெஷின் வாங்கினோம். பாத்திரம் விழுகிற சத்தமும் பஸ் ஹாரனும்தான் பெரிதாகக் கேட்கிறது, பறவை கேட்கவில்லை என்று பெட்டியிலேயே வைத்துவிட்டார். குளத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

பூனாவில் இருக்கும் எங்கள் மகள்தான் இந்த ஆந்தைப் பயணத்தைப் போனில் பார்த்துச் சொன்னாள். மூன்று நாள், மூன்று ராத்திரி, வண்டி, சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 4,500 ரூபாய். செலவு போக மீதி எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கும் எஸ்டேட் பிள்ளைகளுக்கும் காட்டுயிர் வகுப்பு நடத்தப் போகிறது. "ஆந்தைக்குத் தடிச்ச குரல்தானேம்மா, அப்பாவுக்குக் கேக்குமில்ல?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் வந்தோம். ஒரே ஒரு பறவையாவது அவர் காதில் விழவேண்டும். நான் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

காலை 10.30. கோவிந்தாபுரம். தமிழ்நாடு முடிந்து கேரளா தொடங்குகிறது என்பதைப் பலகை பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காய்கறி லாரிகள் வரிசையில் நிற்கின்றன. டிரைவர்கள் ஒரு மாநிலத்தில் டீ குடித்துவிட்டு இன்னொரு மாநிலத்தில் டம்ளரை வைக்கிறார்கள். நிறுத்தத்துக்கு எதிரிலேயே அப்பாஸ் பலசரக்குக் கடை. இந்தப் பயணங்களை நடத்துகிற அப்பாஸ் அந்தக் கடை முதலாளி. நாற்பது வயதிருக்கும். மட்டை அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்து கைதுடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க சார். பஸ்ஸுல கூட்டமுங்களா? உக்காருங்க, மொதல்ல டீ குடிங்க" என்றார்.

கடைக்காரருக்கு ஆந்தைமேல் என்ன பிரியம் என்று கேட்டேன். "எங்க அத்தாவும் இதையேதான் டீச்சர் கேட்டாரு. ஆந்த பாக்கப் போறவன் யாவாரம் வெளங்குமான்னு. அரிசி மூட்ட அடுக்கறவனுக்குத்தானுங்க எலியோட அருமை தெரியும். எலியைத் திங்கற ஒரு ஜீவனைப் போயி ஆகாததுன்னு சொல்லிக் கல்லெடுத்து எறியறாங்க. புள்ளைககிட்டச் சொன்னா எறியாதுக. பெரியவங்ககிட்டச் சொல்லிப் பாத்தேன், கேக்கலைங்க" என்றார்.

மதியத்துக்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். கோவையிலிருந்து மாலதி என்ற பல் டாக்டர் அம்மா, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மூன்று இளைஞர்கள். எங்களோடு சேர்த்து ஆறு பேர். பருப்பு வடையும் டீயும் கொடுத்துவிட்டு அப்பாஸ் விதிகளைச் சொன்னார்.

"பேசக் கூடாதுங்க. போன்ல ஆந்தச் சத்தம் போட்டு அதை ஏமாத்திக் கூப்புடக் கூடாது. டார்ச்சு என்கிட்ட மட்டும்தான் இருக்கும், செவப்புத் தாள் சுத்தி. யாருக்குச் சத்தம் கேக்குதோ அவங்க அந்தப் பக்கமாக் கைய நீட்டுங்க. மத்தவங்க கையப் பாத்துத் திரும்பிக்கலாம். இவ்வளவுதான்."

கையை நீட்டுவது என்றதும் இவரைப் பார்த்தேன். அப்பாஸின் வாயைப் பார்த்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மாலை 6.15. எருத்தேன்பதி. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றைத் தூக்கிக் கொண்டுபோய் கேரளாவில் வைத்தது போல் இருக்கிறது. பேச்சும் அதே பேச்சு, கடலைக்காடும் அதே கடலைக்காடு. பஞ்சாயத்துப் பலகையில் மட்டும் மலையாளம். வரப்பு ஓரமாக வரிசையாகப் பனைகள். வெளிச்சம் மங்கினதும் பனை உச்சியில் இருந்து 'சிர்ர்ர்க், சிர்ர்ர்க்' என்று ஒரு ரகளை. இரண்டு மூன்று மாமியார்கள் ஒரே நேரத்தில் சண்டை போட்டால் எப்படி இருக்கும், அப்படி. புள்ளி ஆந்தைகள். கைப்பிடி அளவு உருவம், வெள்ளைப் புருவம், நம்மையே விசாரிக்கிற பார்வை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கைகள் நீண்டன. மாலதி அம்மா கை, இளைஞர்கள் கை, என் கை. கடைசியாக அவர் கை. அடுத்த பனையில் இன்னொன்று கத்தியது. மறுபடியும் எல்லோர் கையும் நீண்டபிறகு அவர் கை. ஒரு நொடிதான் தாமதம், வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். அவர் ஆந்தையைக் கேட்கவில்லை, எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் தள்ளி, பாழடைந்த நெல்மில் ஒன்றில் கூகை இருக்கிறது என்று கூட்டிப்போனார் அப்பாஸ். எல்லோரும் மூச்சுவிடாமல் நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. மாலதி அம்மா கொசுவை விரட்டக் கையை வீசினார். உடனே என் வீட்டுக்காரர் அதே பக்கம் கையை நீட்டினார். நீட்டினதோடு நில்லாமல், "ஆமா, ஆமா, கேட்டுச்சு" என்றார். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. ரகசியம் பேசுவதாக நினைத்து ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். மில்லின் ஓட்டுக்கூரையில் இருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பிப் பறந்து போனது. இளைஞர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். இன்னொருவன் அவன் விலாவில் இடித்தான்.

அவர் எல்லா முகத்தையும் ஒருமுறை பார்த்தார். புரிந்துகொண்டார். கையை எடுத்துச் சட்டைக்கு மேல் போட்டிருந்த ஸ்வெட்டர் பையில் விட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அன்று அந்தக் கை வெளியே வரவில்லை.

இரவு 8.00. ஒரு விவசாயி வீட்டில் தங்கல். ராகிக்களியும் கீரைக் கடைசலும். சாப்பிட்டுவிட்டுக் களத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்தோம். அவர் என் பக்கம் திரும்பி, "எனக்கு எது கேக்கலைன்னு கூடத் தெரியறதில்லை சரோசா" என்றார். "பொருள் காணாமப் போனா, அது வெச்ச எடம் காலியா இருக்கும். தேடலாம். இது அப்படி இல்லை. எல்லாம் நெறஞ்சு இருக்கற மாதிரியே இருக்குது."

"நான் இருக்கேனுங்க" என்றேன்.

"என்ன?"

"நான் இருக்கேன்னு சொன்னேனுங்க."

"என்னது?"

மூன்றாவது முறை கத்திச் சொன்னேன். களத்து நாய் எழுந்து என்னைப் பார்த்துக் குரைத்தது. அதற்குமேல் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதிக் காட்டலாமே என்பார்கள். கேஸ் சிலிண்டர் வந்தது, கரண்டு பில் கட்டியாயிற்று, இதையெல்லாம் எழுதிக் காட்டலாம். "ஒண்ணுமில்லை" என்று கையை ஆட்டிவிட்டுப் போர்வையை எடுத்து வரப்போனேன். உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன்.

வெள்ளி, காலை 6.30. வேனில் புறப்பட்டோம். தேவிகுளம் கேரளாவில்தான் இருக்கிறது, ஆனாலும் அங்கே போகத் தமிழ்நாட்டுக்குள் வந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் போய், சின்னாறு செக்போஸ்ட்டில் மறுபடி கேரளாவுக்குள் நுழையவேண்டும். ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். உடுமலையில் இட்லி. மறையூரில் வண்டியை நிறுத்தி உருண்டை வெல்லம் வாங்கினோம்; உள்ளங்கை நிறையும் உருண்டை, மலையிறங்காமலே பாதி தீர்ந்துவிடும் என்று மாலதி அம்மா சொன்னார், தீர்ந்தது. மறையூர் தாண்டினதும் கரும்புத் தோட்டம் போய்த் தேயிலை வந்துவிட்டது. காது அடைத்தது. அவரைப் பார்த்தேன். அவரும் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாஸ் என் பக்கத்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. சாருக்குத் தடிச்ச சத்தம் கேக்குமுங்களா?"

"லாரி ஹாரன் கேக்கும். இடி கேக்கும். என் குரல்தான் கேக்காது."

"நேத்துப் பாத்ததெல்லாம் கீச்சுக் குரல்காரங்க. தேவிகுளத்துல இருக்கறது காட்டு ஆந்தை. நல்லா ஆம்பளை மாதிரிக் குரல், அடிவயித்துலருந்து வருமுங்க. அது கூப்புட்டா சாருக்குக் கேக்கணும்" என்றார். பிறகு, "ஆனா அது கூப்புடணுமே. அது என் சம்பளக்காரன் இல்லீங்களே" என்று சிரித்தார். ஆளை ஆறுதல் சொல்லி ஏமாற்றாத மனிதர். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

மதியம் 1.45. தேவிகுளம். மூணாறில் இருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். கூட்டமெல்லாம் மூணாறிலேயே நின்றுவிடுகிறது. தாலுகா ஆபீஸ், அதன் வாசலில் மனு எழுதக் காத்திருப்பவர்கள், இரண்டு டீக்கடை, கீழே சரிவு முழுக்கத் தேயிலை, நடுவில் எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் தகரக்கூரை லயன் வீடுகள். எங்களுக்குச் சாப்பாடு முத்துமாரி வீட்டில், படுக்கை அதற்கு அடுத்த இரண்டு அறைகளில். முத்துமாரிக்கு நாற்பத்தைந்து வயது, கொழுந்து பறிக்கிறவர். தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த குடும்பம். "குளுருதாக்கா? அடுப்புப் பக்கம் வந்து இரிங்க" என்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டார். கருவாட்டுக் குழம்பு வாசனை மூக்கில் ஏறியபோதுதான் பசி தெரிந்தது.

மாலை 6.30. லயனுக்கு மேலே, தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடம். கீழே பஞ்சுப்பொதி போல மூடுபனி. அப்பாஸ் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் ஓர் ஓரமாக, இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். நான் மரத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். ஒன்றுமில்லை. ஒரு தவளை, தூரத்தில் ஜீப் இறங்குகிற சத்தம். இன்னும் கொஞ்ச நேரம். கால் மரத்துப்போயிற்று. அப்போது அவர் வலது கை வெளியே வந்து, காட்டின் இடப்பக்கம் நீண்டது.

வேறு ஒருவர் கையும் நீளவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயோ, மறுபடியுமா, இந்தப் பிள்ளைகள் முன்னால் மறுபடியுமா என்று அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கப் போனேன். அப்போது எனக்கும் கேட்டது. 'ஹூ... ஹு-ஹு-ஹூ...' தரைக்கடியில் இருந்து வருகிற மாதிரி. எல்லோரும் மரத்தையும் பனியையும் மொபைலையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர்தான் வேறு வேலை இல்லாமல் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது ஐந்து கைகள் அவர் கை காட்டிய திசைக்கே நீண்டன.

"கூப்புடுது சரோசா, கூப்புடுது" என்றார். ரகசியமாகத்தான் சொன்னார், ஊருக்கே கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. நேற்றுச் சிரித்த பையன் கிட்டே வந்து, எந்தக் கிளை சார் என்று சைகையால் கேட்டான். இவர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. ஆந்தையை நாங்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை, கிளை மாறும்போது ஒரு நிழல் தெரிந்தது அவ்வளவுதான். அவருக்கு அதுவும் தேவைப்படவில்லை.

வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான். ஆனால் இறங்கி வருகிற வழியில் நெஞ்சுக்குள் வேறு ஒன்று குடைந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அந்த ஆந்தைமேல் எனக்குப் பொறாமை. யாரோ ஒரு காட்டு ஜீவன் மூன்று தரம் கூப்பிட்டதும் திரும்பிவிட்டார். இத்தனை வருடம் கூடவே குடித்தனம் நடத்தியவள் நான். எனக்கு ஒரு தரம் திரும்பினால் என்ன?

சனி, காலை 6.50. சத்தம் கேட்டு விழித்தேன். 'ஊ... ஊ...' என்று கீழ்ச்சரிவில் இருந்து. ஆந்தைதான் காலையிலும் வந்துவிட்டது என்று அவரை எழுப்பப் போனேன். மேல்சரிவில் இருந்து பதில் வந்தது. பிறகு இன்னொரு பக்கம் இருந்து. இத்தனை ஆந்தைக்கு இங்கே இடமேது என்று வெளியே போய்ப் பார்த்தால், முத்துமாரியும் நான்கைந்து பெண்களும் முதுகில் கூடையும் இடுப்பில் சாக்கும் கட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுத் தேயிலைக் காட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். முத்துமாரி நின்று, வாயருகே கையைக் குவித்து, 'ஊ...' என்றார்.

"என்ன முத்துமாரி இது?"

"ஆனைக்குச் சொல்லுதது அக்கா. நாங்க வாறோம், நீ ஒதுங்கிக்கோன்னு. மேல போயிச் சேர்ந்ததும் இன்னொரு கூவல். சேர்ந்துட்டோம்னு கீழ இருக்கவகளுக்குத் தெரியணும்லா. பதில் வரலன்னா பேடியாயிரும், பயந்துபோயி ஆள் தேடி வருவாவ."

"எனக்குச் சொல்லித் தாங்களேன்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான் கூவினேன். என் வழக்கப்படி கீச்சென்று வந்தது. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். முத்துமாரி என் வயிற்றில் கையை வைத்து அமுக்கினார். "தொண்டையில இருந்து கத்துனா பக்கத்துக் காட்டுக்குக்கூடப் போவாதுக்கா. இங்கன இருந்து எடுங்க. பிள்ளைய ஏசுத மாதிரி இல்ல, சாமி வந்தவ மாதிரி." இரண்டு முறை, மூன்று முறை. நாலாவது முறை என் உடம்புக்குள் இருந்து நானே அறியாத ஒரு பெண் கூவினாள். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. "ஆங், இது போவும்" என்று சொல்லிவிட்டு முத்துமாரி வேலைக்கு ஏறிப்போனார். என் வீட்டுக்காரர் அறையில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்.

காலை 10.30. நாங்கள் கொடுத்த காசு என்ன ஆகிறது என்று பார்க்க எல்லோரும் லயன் வாசகசாலைக்குப் போனோம். இருபது இருபத்தைந்து பிள்ளைகள் சிமெண்ட் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு சாம்பல்நிற உருண்டை. ஆந்தை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் முடியையும் உருட்டித் துப்பியது. பிள்ளைகள் குச்சியால் அதைப் பிரித்து எலும்புகளை எடுத்து அட்டையில் ஒட்டி ஓர் எலியைச் செய்ய வேண்டும். முகம் சுளிப்பார்கள் என்று பார்த்தேன். ஒரு பிள்ளைகூடச் சுளிக்கவில்லை. "எனக்கு ரெண்டு மண்டை கெடைச்சிட்டு" என்று ஒரு சிறுமி குதித்தாள். பக்கத்தில் இருந்தவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அப்பாஸ் அட்டையில் ஒரு கூகையின் மண்டையை வரைந்து காட்டினார். அதன் காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. அதனால்தான் இருட்டில் எலி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று காதாலேயே அதற்குத் தெரிகிறதாம். என் வீட்டுக்காரர் கீழே குந்தி உட்கார்ந்து அந்தப் படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மண்டைச் சிறுமி அவரிடம் ஏதோ கேட்டாள். கேட்கவில்லை. அவள் சும்மா விடுவதாக இல்லை, அவர் கையை இழுத்து அந்தக் குட்டி மண்டையோட்டை உள்ளங்கையில் வைத்துவிட்டாள். அவர் சிரித்தார்.

மாலை 6.20. கடைசி முறையாக மேலே ஏறினோம். முத்துமாரியும் இன்று கூட வந்தார். மழை தூறி விட்டிருந்ததால் அட்டை. என் கணுக்காலில் ஒன்று ஏறிவிட்டது. மூக்குப்பொடி போட்டு அதைத் தட்டிவிடும் வரைக்கும் நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் வளைவைத் தாண்டிக் கீழ்ப்பக்கமாக இறங்கிக் காட்டோரம் போய் நின்றார்கள். நான் மேலே, அவர்கள் கீழே, நடுவில் ஐம்பது அறுபது அடி தேயிலை. அவர் முதுகு தெரிந்தது. கைகள் பைக்குள்.

எனக்கு ஆபத்து ஒன்றுமில்லை. அட்டையும் போய்விட்டது. பேசக் கூடாது என்று அப்பாஸ் சொன்னது நினைவில் இருந்தது. நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் தினமும் பார்க்கிற அதே முதுகு. வாயருகே கையைக் குவித்தேன். வயிற்றை அமுக்கினேன். 'ஊ...' என்று கூப்பிட்டேன்.

கீழே ஆறு கைகள் படாரென்று என் பக்கம் நீண்டன. மாலதி அம்மாவின் கை, மூன்று பையன்கள் கை, சாட்சாத் அப்பாஸின் கை, தினமும் கூவுகிற முத்துமாரியின் கையும்கூட. எல்லோரும் என் தலைக்கு மேலே இருந்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கேமராவைத் தூக்கினான்.

அவர் மட்டும் கையை நீட்டவில்லை. பைக்குள் இருந்த கைகள் பைக்குள்ளேயே இருந்தன. திரும்பினார். மரத்தைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். பிறகு தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன சரோசா? என்னத்துக்குக் கூப்பிட்டே?"

அவர் முகத்துக்கு நேராக வாயை நன்றாகத் திறந்து, "நான்தான்னு எப்பிடீங்க தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அதென்ன பெரிய விசயம்" என்றார். "ஏனுங்கன்னு கூப்பிட்டு முடிக்கறப்ப ஒரு இழுப்பு இழுப்பியே. அது இருந்துச்சு. கேட்டு எவ்வளவு நாளாச்சு."

கீழே அவர்களுக்கும் புரிந்துவிட்டது. அப்பாஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். "டீச்சர், ரூல் போட்டவனையே ஏமாத்திப்புட்டீங்களே" என்றார். முத்துமாரி சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அன்று உண்மையான ஆந்தை கூப்பிடவே இல்லை. கெடுத்தது நான்தான். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். சிரித்த பையன், "பரவால்லைங்க ஆன்ட்டி, ரெக்கார்டு ஆயிருச்சு" என்றான்.

ஞாயிறு, காலை 8.00. தேவிகுளத்திலிருந்து இறங்கினோம். வேனில் அவருக்கு ஜன்னல் ஓரம். உடுமலையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, ஈரோட்டுப் பேருந்தில் ஏறி, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.

தேவிகுளத்தில் சரிவுக்குச் சரிவு கூவிக்கொள்கிறார்கள், பதில் வந்தால்தான் நிம்மதி. எங்கள் தெருவில் சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கிறது, யாரும் யாரையும் கூவுவதில்லை. நான் கூவுகிறேன். அடுக்களையில் இருந்து ஒன்று, மொட்டைமாடியில் இருந்து ஒன்று. இந்தக் கூவலில் கூப்பிடத்தான் முடிகிறது, பேச முடிவதில்லை. அன்றைக்குக் களத்தில் மூன்று முறை சொன்னேனே, அதை இந்தக் குரலில் சொல்ல வராது. தேன்சிட்டும் திரும்பி வராது. இந்தத் தடித்த சத்தமும் ஒருநாள் அவர் காதில் இருந்து போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது வரைக்கும் கூப்பிடுகிறேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "வர்றேன், வர்றேன்" என்கிறார்.

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா காம்பவுண்டுச் சுவர்மேல் எட்டிப் பார்த்தார். முகத்தில் கவலை. "ஏனுங்க டீச்சர், ஒரு வாரமா உங்க ஊட்டுப் பக்கம் ஆந்த கத்துதுங்க. ஊட்டுக்கு ஆகாதுங்க அது. ஆள வெச்சு வெரட்டிப்போடுங்க" என்றார்.

"அது எங்க ஊட்டு ஆந்தைதானுங்க" என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்."